ஓபோவின் நாதமும் தொடக்க மாணாக்கனும்

மேனாட்டுப் பெருவாத்தியக் குழுவொன்று அரங்கில் அமர்ந்ததும் முதற்கண் எழுவது ஒரேயொரு குழலின் ஒரேயொரு சுரமாகும். ஓபோ எனப்படும் அக்குழலிலிருந்து ‘ஏ’ என்னுஞ் சுரம் நெடிதாக ஊதப்படும். செக்கனுக்கு 440 அதிர்வுகளோ, சில நாடுகளில் அதனினுஞ் சற்று மிகுந்த அதிர்வுகளோ கொண்ட அச்சுரத்தோடு நரம்புக் கருவிகளும் ஏனைய துளைக் கருவிகளும் தம்மை இசைவித்துக் கொள்ளும். பெரியதோர் இசைக்குழு முழுவதற்கும் சுருதி கொடுக்கும் உரிமை இச்சிறு குழலுக்கு வாய்த்தமைக்குக் காரணம் அதன் நாதத்தின் தெளிவும் உறுதியுமாம்.

இக்குழலையே புதிதாகக் கையிலெடுத்த மாணாக்கன் ஊதும்போது பிறப்பது முற்றிலும் வேறானதோர் ஒலியாகும். அது மூக்கொலி கலந்து, நெரிந்து, வாத்தின் குரலை நினைவூட்டி நிற்கும். உருசிய இசைப்புலவராகிய புரொக்கோபியெவ் 1936ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென இயற்றிய ‘பீட்டரும் ஓநாயும்’ என்னும் இசைக்கதையில் வாத்தின் பகுதியை ஓபோவுக்கே அளித்தார். ஆயின், அங்கே தேர்ந்த கலைஞன் வேண்டியே எழுப்பும் சாயலைத் தொடக்க மாணாக்கன் வேண்டாமலே எழுப்புகின்றான். கேட்பவர் முகஞ்சுளிப்பர், மாணாக்கன் நாணுவான், ஆசிரியரும் பெற்றோரும் இவனுக்கு இசை வாய்க்காதென முடிவு கட்டுதலும் உண்டு. அம்முடிவு பெரும்பாலும் பிழையானதாகும். நாதம் கெடுதற்குரிய காரணங்கள் எவையெனவும், அவற்றை எம்முறையில் நீக்கலாமெனவும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கருவியின் அமைப்பு

ஓபோ பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்துப் பிரான்சு தேசத்தில் உருவாயிற்று. அதற்கு முன்னிருந்த ‘சோம்’ என்னும் உரத்த குழல் திறந்தவெளி விழாக்களுக்கு ஏற்றதாயிருந்தது. பதினான்காம் லூயி மன்னனின் அரசவையைச் சார்ந்த கலைஞரும் கருவி வினைஞரும் அதனை அரங்கினுள் வாசித்தற்கேற்பத் திருத்தியமைத்தனர். ஒத்தெத்தேர் குடும்பத்தார் இப்பணியில் முதன்மையாகக் குறிப்பிடப்படுகின்றனர். ‘ஓபுவா’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே ஓபோவெனத் திரிந்தது; ‘உரத்த மரம்’ அல்லது ‘உயர்ந்த மரம்’ என்பது அதன் பொருள்.

இக்குழல் ஏறத்தாழ 65 சதமமீற்றர் நீளமுடையது. ஆபிரிக்காவில் வளரும் வன்மையான கருமரத்தினாற் பெரும்பாலும் கடையப்படுவது. இதன் உட்டுளை மேலே மிக ஒடுங்கியும் கீழே விரிந்தும் கூம்பு வடிவாயமைந்தது. மேனுனியில் இரட்டை நாக்குடைய சீவாளி செருகப்படும். கூம்பு வடிவான துளையும் இரட்டைச் சீவாளியும் நம் கோயில்களில் ஒலிக்கும் நாகசுரத்துக்கும் உரியனவாதலின், இவ்விரண்டும் ஓரினத்துக் கருவிகளென்பது வெளிப்படை. ஆயினும் நாகசுரம் வீதியையும் வெளியையும் நிறைக்கவல்ல பெருங்குழல். ஓபோவின் சீவாளியோ அதனினும் மிகக் குறுகியது. இவ்வேறுபாட்டின் விளைவு மூச்சைப் பற்றிக் கூறும்போது புலனாகும்.

நாதம் பிறக்குமாறு

சீவாளியின் இரு நாக்குகளுக்கும் இடையே காற்றைச் செலுத்தியதும் அவை மிக விரைவாக மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு திறப்பிலும் சிறிது காற்று குழலினுட் புகுகின்றது. குழலினுள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து, சீவாளி மூடித் திறக்கும் வேகத்தைத் தானே நெறிப்படுத்துகின்றது. இவ்வாறு எழும் ஒலி தனியொலியன்று. அடிப்படைச் சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளையுடைய மேற்சுரங்களும் உடன் எழும். செருமானிய அறிஞர் எல்ம்கோல்ற்சு 1863ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒலியாராய்ச்சி நூலில், ஒரு கருவியின் குரற்பண்பு இம்மேற்சுரங்களின் வலிமை விகிதத்தைச் சார்ந்ததென விளக்கினார்.

புல்லாங்குழலில் அடிப்படைச் சுரம் மேலோங்கி நிற்கும். ஓபோவின் கீழ்ச்சுரங்களிலோ அடிப்படை மெலிந்தும் மேற்சுரங்கள் வலுத்தும் காணப்படும். பல வாத்தியங்களின் நடுவிலும் ஓபோவின் குரல் தனித்துக் கேட்பது இதனாலேயே. ஆகவே மேற்சுரங்களை ஒழித்துவிடுதல் நல்ல நாதமாகாது. அவ்வாறு ஒழித்தால் ஓபோ ஓபோவாக இராது. மேற்சுரங்களுக்கு அடியில் கீழ்ச்சுரங்களும் உரிய வலிமையோடு நிற்றலே வேண்டுவது. சீவாளி தடையின்றி முழுமையாக அதிரும்போதுதான் இச்சமநிலை வாய்க்கும். மாணாக்கன் பல்லாலும் தாடையாலும் சீவாளியை நெரிக்கும்போது நாக்குகளின் இடைவெளி சுருங்குகின்றது, அதிர்வின் வீச்சுக் குறைகின்றது, ஒலி மெலிந்து கீச்சிடுகின்றது, சுருதியும் உயர்ந்துவிடுகின்றது. தொடக்க மாணாக்கரிடங் காணப்படும் குற்றங்களுட் பெரும்பாலன இந்நெரிப்பில் வந்து முடிகின்றன. ஆயின் நெரிப்பு நோயன்று, நோயின் குறியேயாம். மாணாக்கன் ஏன் நெரிக்கின்றான் என ஆராய்ந்தால் விடை பிறிதோரிடத்தில் இருக்கும்.

சீவாளி

முதலில் ஆராயவேண்டியது சீவாளியாகும். ஓபோவின் சீவாளி ஒருவகைப் பெருநாணலினாற் செய்யப்படுகின்றது. வெப்பமான நாடுகள் பலவற்றில் அது வளருமெனினும், பிரான்சின் தென்கரையில் உள்ள வார் மாகாணத்து நாணலே பெரிதும் போற்றப்படுவது. ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டை மூன்றாகப் பிளந்து, உட்புறத்தைச் சுரண்டி, நடுவில் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் தடிப்பாக்குவர். பின்னர் அதனை இரண்டாக மடித்து, தக்கை சூழ்ந்த சிறு உலோகக் குழாயில் நூலாற் கட்டுவர். அக்குழாய் நாகசுரத்தின் கெண்டையை ஒத்தது. மடிப்பை அறுத்து, நுனியைக் கூரிய கத்தியாற் சுரண்டினால் சீவாளி ஆயத்தமாகும். நுனியின் தடிப்பு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. மயிரிழையளவு மிகினும் குறையினும் குரல் மாறிவிடும்.

வன்மையான சீவாளியை அதிர்விக்கத் தொடக்க மாணாக்கனுக்கு வலிமை போதாது. அவன் தன்னையறியாமலே கடிப்பான். நாக்குகள் அகலத் திறந்த சீவாளியை மூடவேண்டியும் கடிப்பான். மிக மெலிந்த சீவாளியோ சுருதியிற் தாழுமாதலின், அதனை உயர்த்தவேண்டி மீண்டுங் கடிப்பான். இம்மூன்றிலும் குற்றம் கருவியினது; பழி மாணாக்கனது. ஆதலால் மாணாக்கனின் நாதத்தைக் குறைகூறுமுன் அவனது சீவாளியை ஆசிரியர் தாமே வாசித்துப் பார்த்தல் கடமையாம். தம் வாயிலும் அது நெரிந்தொலிக்குமாயின் மாணாக்கனைத் திருத்துவதாற் பயனில்லை. சீவாளியையே திருத்தல் வேண்டும்.

சீவாளியைத் தனியே சோதிக்கும் முறையொன்று உண்டு. குழலிற் செருகாது, நூற்கட்டின் அருகுவரை வாயில் வைத்து, கடியாமல் மெல்ல ஊதினால் அது காகம் கரைவதுபோல ஒலிக்கும். அக்கரைவிற் கீழொலியும் மேலொலியும் ஒருங்கே கேட்டல் நன்று. ‘சீ’ என்னுஞ் சுரம் இரு ஸ்தாயிகளில் ஒருங்கே ஒலித்தலை அமெரிக்க ஆசிரியர் பலர் அளவாகக் கொள்வர். கீச்சென்ற மேலொலி மட்டும் எழுமாயின் நாணல் போதியவாறு அதிரவில்லை எனவும், கட்டுக்கடங்காத கரகரப்பு எழுமாயின் நாணல் வலியிழந்தது எனவும் கொள்ளலாம்.

வாசிக்குமுன் சீவாளியைச் சில நிமிடங்கள் நீரில் நனைத்தல் வேண்டும். உலர்ந்த நாணல் அதிராது, வெடிக்கவுங் கூடும். நெடுநேரம் ஊறினால் நாக்குகள் மிக விரிந்துவிடும். ஒரே சீவாளியை நாடோறும் வாசியாது, இரண்டு மூன்றை மாறி மாறி வழங்குதல் நன்று. பழகிய சீவாளி நாட்பட நாட்பட வலியிழக்கும். மாணாக்கன் அதனை உணராது தன் வாயை அதற்கேற்ப இறுக்கிக்கொண்டே போவான். ஆகவே உரிய காலத்திற் பழையதை நீக்கிப் புதியதைக் கொள்ளுதலும் பயிற்சியின் ஒரு கூறாகும்.

மூச்சு

இரண்டாவதாகக் கருதவேண்டியது மூச்சு. தமிழிலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழுங் காற்றை முதலில் வைத்து, அது தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறொலியாவதை அதன்பின் கூறுகின்றார். அது பேச்சொலி பற்றியதே. எனினும் காற்று முன்னும் இதழ் பின்னுமாக நிற்கும் அம்முறை குழலூதுவோனுக்கும் பொருந்துவதாம். தொடக்க மாணாக்கன் இம்முறையை மாற்றி, இதழிலிருந்து தொடங்குகின்றான். காற்றின் ஆதரவு இல்லாத இடத்தை இதழின் இறுக்கத்தால் நிரப்ப முயல்கின்றான்.

ஓபோவிற் புகுங் காற்று சிறிது. அதனைச் செலுத்தும் அமுக்கமோ பெரிது. மூச்சை ஆழ உள்வாங்கியபின், வயிற்றுத் தசைகளின் உறுதியால் அவ்வமுக்கத்தைச் சீராக நிலைநிறுத்தல் வேண்டும். தோள் உயர்தலும் மிடறு இறுகுதலும் கூடா. ஒரு காகிதத் துண்டை முகத்துக்கு ஒரு முழந் தொலைவிற் பிடித்து, அது ஒரே சரிவில் நிற்குமாறு பத்துச் செக்கன் ஊதிப் பழகுதல் எளிய பயிற்சியாம். காகிதம் ஆடினால் மூச்சு ஆடுகின்றதென்பது கண்முன்னே தெரியும். மெல்ல வாசிக்குமிடத்தும் இவ்வாதரவைத் தளர்த்துதல் ஆகாது. காற்றின் அளவு குறையலாம்; உறுதி குறைதல் கூடாது.

ஓபோவுக்கேயுரிய இடர் ஒன்று உண்டு. ஏனைய குழல்களில் மூச்சுப் போதாமையால் வாசிப்போன் வருந்துவான். ஓபோவிலோ மூச்சு மிகுதியால் வருந்துவான். துவாரம் மிகச் சிறிதாதலின், நெடிய வரியொன்று முடியும்போதும் நுரையீரலிற் காற்று எஞ்சியிருக்கும். ஆனால் அது பழுதடைந்த காற்று. அதன்மேல் மேலும் மூச்சை வாங்கினால் நெஞ்சு முட்டும், தலை கனக்கும், உடல் இறுகும், நாதமும் உடன் இறுகும். ஆதலின் முதலிற் பழங்காற்றை வெளியே விட்டு, அதன்பின் புதுக்காற்றை வாங்குதல் வேண்டும். இரிச்சாட் இசுத்திராவுசு 1945ஆம் ஆண்டில் இயற்றி, 1946இல் சூரிச்சு நகரில் முதன்முதல் வாசிக்கப்பெற்ற ஓபோ இசைப்படைப்பு, ஓய்வென்பதே அரிதான நெடியதொரு வாசிப்போடு தொடங்குகின்றது. தேர்ந்தவரும் அதனை அஞ்சுவர். எங்கே மூச்சை விடுவது, எங்கே வாங்குவது என வரியிலே முன்கூட்டிக் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை மாணாக்கன் முதற்பாடத்திலேயே மேற்கொள்ளுதல் நன்று.

இதழ்

மூன்றாவது இதழமைப்பு. இரு இதழ்களும் பற்களின்மேற் சிறிது மடிந்து சீவாளிக்கு மெத்தையாதல் வேண்டும். பற்கள் தம்முள் விலகியே இருத்தல் வேண்டும். சுருக்குப்பையின் வாய் நாற்புறமும் ஒருங்கே கூடுவதுபோல, வாயின் இரு கோடிகளும் நடுநோக்கி வருதல் வேண்டும். புன்முறுவல் செய்வதுபோல இதழை இருபுறமும் இழுத்தால் மெத்தை மெலிந்து, பல்லின் வன்மை சீவாளியிற் படும். சீவாளியின் நுனி இதழைக் கடந்து சிறிதளவே உள்ளே நிற்றல் வேண்டும். மிகப் புகின் ஒலி கட்டுக்கடங்காது கூர்மையாகும். மிகக் குறையின் மங்கித் தாழும். நடுவிடத்தை ஒவ்வொருவனும் தன் செவியைக் கொண்டு தேடிக் காணல் வேண்டும்.

மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது கடித்தலும் கீழ்ச்சுரங்களுக்கு இறங்கும்போது இதழைத் தொளதொளக்க விடுதலும் பொதுவான குற்றங்கள். மேலே ஏறுதற்கு வேண்டுவது விரைந்த காற்று. கீழே இறங்குதற்கு வேண்டுவது தளராத ஆதரவு. இரண்டும் மூச்சின் தொழில்களேயன்றி இதழின் தொழில்களல்ல.

பயிற்சி முறை

இடக்கையின் ஒருவிரல், இருவிரல், மூவிரல் கொண்டு வாசிக்கும் ‘பீ’, ‘ஏ’, ‘ஜீ’ என்னும் நடுச்சுரங்களில் நெடுஞ்சுரப் பயிற்சியைத் தொடங்கலாம். ஒரு சுரத்தை நாவின் துணையின்றி மூச்சினாலேயே எழுப்பி, எட்டு மாத்திரை நேரம் மாறாமல் நிறுத்துதல் முதற்படி. மென்மையிலிருந்து வன்மைக்குப் பெருக்கி, மீண்டும் மென்மைக்குச் சுருக்குதல் இரண்டாம்படி. இதிற் சுருதி சிறிதும் அசைதல் கூடாது. அடுத்துள்ள சுரத்துக்கு நாவினால் அறுக்காமல் வழுக்கிச் செல்லுதல் மூன்றாம்படி. இரு சுரங்களும் ஒரே குரலின் இரு சொற்கள்போலக் கேட்டல் வேண்டும். அதன்பின் சுர இடைவெளியைச் சிறிது சிறிதாக அகலமாக்கி, ஸ்தாயி வரை செல்லலாம்.

நாகசுர மேளத்தில் ஒத்து இடையறாது ஒலித்துச் சுருதியை நிலைநிறுத்துவதுபோல, ஓபோ மாணாக்கனும் ஓர் ஆதார சுருதியை ஒலிக்கவிட்டுப் பயிலுதல் மிகுந்த பயனளிக்கும். சுருதி சேரும்போது நாதமும் திரளும். நெரிப்பினால் உயர்ந்த சுரம் ஆதார சுருதியோடு மோதி அலையலையாகக் கேட்கும். தாடையைத் தளர்த்தியதும் அவ்வலை அடங்கும். தன் பிழையை மாணாக்கன் தானே கண்டு தானே திருத்திக்கொள்ளுதற்கு இதனினும் சிறந்த வழியில்லை.

நாவினைப் பயன்படுத்தத் தொடங்கியபின்னரும், அது காற்றை உந்துவதன்று, தடுத்து விடுவதே என்பதை மறத்தலாகாது. காற்று பின்னே இடையறாது நிற்க, நா சீவாளியின் நுனியைத் தொட்டு விலகுதல் போதும். நடுக்கமாகிய அலங்காரத்தை இறுதியிலேயே சேர்த்தல் வேண்டும். நிலையாத சுரத்துக்கு நடுக்கம் போர்வையாகுமேயன்றி மருந்தாகாது.

இதழின் தசைகள் மெல்லியன, விரைவிற் களைப்பன. களைத்த இதழால் வாசிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கடிக்கும் பழக்கத்தையே வளர்க்கும். ஆகவே ஒருமுறை நாற்பது நிமிடம் பயிலுதலினும் பத்து நிமிடமாக நான்கு முறை பயிலுதல் நன்று. களைப்பு வந்ததும் குழலை வைத்துவிடுதல் சோம்பலன்று.

நல்ல நாதம் ஒன்றா, பலவா?

நாதத்தின் இனிமைக்கு உலகெங்கும் ஒரே அளவுகோல் இல்லை. வியன்னா நகரத்தார் தமக்கென வேறு வடிவான ஓபோவையே இன்றும் பேணுகின்றனர். பிரான்சிற் பிறந்து அமெரிக்கா சென்ற மார்செல் தபுத்தோ (1887–1966) பிலடெல்பியா இசைக்குழுவில் 1915 முதல் 1954 வரை முதன்மை ஓபோக் கலைஞராக விளங்கினார்; கேர்ட்டிஸ் இசைக் கல்லூரியிலும் கற்பித்தார். சீவாளியை நீளச் சுரண்டி, இருண்டு திரண்ட நாதத்தைக் காணும் அமெரிக்க மரபு அவரால் வேரூன்றியது. ஒரு சுரத்தின் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் எண்களாற் குறித்துப் பயிற்றுதல் அவரது முறை. இசுத்திராவுசின் மேற்கூறிய படைப்புக்குத் தூண்டுகோலாயிருந்த யோன் டி லான்சி அவரிடம் பயின்றவரே.

இங்கிலாந்திலோ லியோன் கூசன்ஸ் (1897–1988) மென்னடுக்கம் பொருந்திய, பாடுவதுபோன்ற நாதத்தாற் புகழ்பெற்றார். வோன் வில்லியம்ஸ் 1944ஆம் ஆண்டில் தம் ஓபோ இசைப்படைப்பை அவருக்கெனவே இயற்றினார். 1962இல் நேர்ந்த மோட்டார் வாகன விபத்தில் கூசன்சின் இதழ்களும் பற்களும் கடுமையாகப் பழுதுற்றன. அறுபத்தைந்து வயதை அண்மிய அவர் வேறு தசைகளைப் பழக்கி, இதழமைப்பை அடியிலிருந்தே புதிதாக அமைத்து, மீண்டும் அரங்கேறினார். இதழொன்றே நாதத்தின் இருப்பிடமாயின் அவரது கலை அன்றே முடிந்திருக்கும். எந்த நாதம் வேண்டுமென்பதை அவரது செவி அறிந்திருந்தது. அதனைத் தாங்கும் மூச்சும் இருந்தது. ஆதலின் பழுதுற்ற இதழும் புதுவழி கண்டது.

தொடக்க மாணாக்கன் இம்மரபுகளுள் எதனை விரும்பினும் குற்றமில்லை. நல்ல கலைஞரின் வாசிப்பைப் பன்முறை கேட்டு, தான் வேண்டும் நாதம் இன்னதென உள்ளத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். எல்லா மரபினரும் பொதுவாக வேண்டுவன நிலைத்த சுருதி, நெரிப்பில்லாத அதிர்வு, தளராத மூச்சு என்னும் மூன்றுமேயாம்.

ஆசிரியர்க்கும் இதனாற் பெறப்படுவது ஒன்று உண்டு. மாணாக்கனின் ஓபோ வாத்தெனக் கரையுமாயின், முதலிற் சீவாளியையும், அடுத்து மூச்சையும், இறுதியில் இதழையும் முறையே ஆராய்தல் வேண்டும். இம்மூன்றையும் ஆராயாமலும், திருத்திய பின் சில மாதங்களேனும் பொறுத்திராமலும், ஒருவனுக்கு இசையறிவு இல்லையெனத் தீர்ப்புக் கூறுதல் தகாது. அத்தீர்ப்பினாற் குழலைக் கீழே வைத்த சிறுவன் பின்னர் அதனை எடுத்தல் அரிது. கெட்ட சீவாளியை மாற்றுவதற்கோ ஒரு நிமிடம் போதும்.